நண்டு ஓட்டுக்குள் நானோ இழை

ஜப்பானின் மேற்குக் கடலோரத்தில் இருக்கிறது தொட்டோரி. பனி நண்டுக்குப் பேர்போன ஊர். சதை விலைபோய்விடும், ஓடுதான் குவிந்து கிடக்கும். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஷின்சுகே இஃபுகு குழு, 2009-இல் நண்டு ஓட்டிலிருந்து 10 முதல் 20 நானோமீட்டர் தடிமனே உள்ள இழைகளைப் பிரித்துக் காட்டியது. தலைமுடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு.

நானோப் பொருள் என்றால் அணுவை அணுவோடு ஒட்டிச் செய்வது என்றே பலர் நினைக்கிறோம். இங்கே யாரும் எதையும் செய்யவில்லை. இழை ஓட்டுக்குள் முன்பே இருக்கிறது. கைட்டின் என்னும் அந்தச் சர்க்கரைச் சங்கிலி மெல்லிய இழைகளாகி, புரதத்தைப் போர்த்திக்கொண்டு, அடுக்குக்கு அடுக்கு சற்றே திரும்பிப் படுத்திருக்கிறது. இடைவெளியெல்லாம் கால்சியம் கார்பனேட்.

ஆகவே வேலை, வேண்டாததைக் கழற்றுவதுதான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கால்சியத்தைக் கரைக்கும். காஸ்டிக் சோடா புரதத்தை எடுக்கும். மிஞ்சிய ஈரக் கைட்டினை, நம் திரிகையைப் போல ஒரு கல் நிற்க ஒரு கல் சுழலும் இயந்திரத்தில் அரைத்தால் கூழாக வரும். நடுவில் காயவிட்டால் போச்சு: இழைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். இதற்கும் அதே குழு வழி கண்டது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைச் சிறிது சேர்த்தால் இழைகளின் மேல் நேர்மின்னூட்டம் ஏறி, தாமே விலகும். மெல்லிய இறால் ஓட்டுக்கு அதுகூட வேண்டியதில்லை.

கைட்டினிலிருந்து இழை மட்டுமல்ல, நானோத் துகளும் செய்யலாம். அதை அடர் காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான். இது அமிலம் கலந்த நீரில் கரையும். அதில் எதிர்மின்னூட்டமுள்ள டிரைபாலிபாஸ்பேட்டைக் கலந்தால் நானோத் துகள்கள் தாமாகவே உருவாகின்றன. ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா பல்கலைக்கழகத்தார் 1997-இல் வெளியிட்ட முறை இது. சூடில்லை, கரிமக் கரைப்பானில்லை. புரத மருந்துகளைக் கெடாமல் உள்ளே வைக்கலாம்.

கழிவிலிருந்து செல்வம் என்று நண்டு ஓட்டைக் கொண்டாடுபவர்கள், கழுவி ஊற்றும் நீரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கிலோ கிலோவாக அமிலமும் காரமும் செலவாகின்றன; கரைந்த கார்பனேட் கரியமில வாயுவாகப் போகிறது. லாக்டிக் அமில பாக்டீரியாவை விட்டு ஓட்டைப் புளிக்கவைக்கும் மாற்று முறை உண்டு. நாள் பிடிக்கும், புரதமும் கால்சியமும் முழுதாகப் போகாது. மருந்துத் தரம் வேண்டுமென்றால் கடைசியில் கொஞ்சமாவது அமிலத்தில் முக்கித்தான் எடுக்கவேண்டியிருக்கிறது.