இறுகிய பசை இழுத்தால் வராது. கீழே போட்டால் ஏன் தெறிக்கிறது?

கோப்பையின் காது உடைந்தால் இரண்டு ட்யூபைக் கலந்து ஒட்டுவீர்கள். மறுநாள் இழுத்துப் பாருங்கள், அசையாது. கைதவறிக் கீழே போட்டால் தெறித்துவிடும். ஏன்?

அந்தப் பசை எப்பாக்சி பிசின். கலந்ததும் அதன் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் கைகோத்து மீன்வலைபோல் இறுகிவிடுகின்றன. வலு அப்படித்தான் வருகிறது. ஆனால் நெளிந்துகொடுக்க இடமில்லை; ஒரு கீறல் விழுந்தால் தடையின்றி ஓடும்.

வாழை இலையைக் கிழித்திருக்கிறீர்களா? ஓரத்தில் தொடங்கும் கிழிசல் சர்ரென்று ஓடி நடுத்தண்டில் முட்டி நிற்கும். பிசினுக்குள்ளும் அப்படித் தண்டுகளை வைத்தால்?

வைக்கலாம். திரவ ரப்பரைப் பிசினில் கரைப்பார்கள். பிசின் இறுகும்போது ரப்பர் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகத் தங்கும். கீறல் வந்து தொட்டதும் ரப்பர் இழுபடும், சுற்றியுள்ள பிசினும் கொஞ்சம் நெளியும். கீறலை ஓட்டிய ஆற்றல் அங்கேயே செலவாகிவிடும். மென்மையான பொருளைச் சேர்த்து உறுதி கூட்டும் இந்த வித்தை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

ஆனால் ரப்பர் கூடினால் பிசின் சூட்டில் தளரும். விமானப் பாகங்களுக்கு அது ஆகாது. இத்தாலியின் பலெர்மோ பல்கலைக்கழகத்தில் ஜுசெப்பே ஸ்படாரோ, கிளேலியா டிஸ்பென்சா குழுவினர் சூடு தாங்கும் பாலிஈதர்சல்போன் பிளாஸ்டிக்கைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். உலையில் சுடாமல், எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி இறுக வைத்தார்கள்.

அதிலும் ஒரு சிக்கல். சூடு குறைவாக இருப்பதால் மூலக்கூறுகள் நகர முடியாமல் வலை பாதியில் உறைந்துவிடும். பிறகு கொஞ்சம் சூடேற்றினால், விட்டுப்போன கைகளும் கோத்துக்கொள்ளும்.