மீந்த நூலில் ஒரு ஜோடிக் காலுறை

உங்கள் இல்லத்து அலமாரியைச் சற்றே திறந்து பாருங்கள். பேரப்பிள்ளைக்குக் குல்லா பின்னியபோது மீந்த நீல உருண்டை, பாதியில் நின்றுபோன ஸ்வெட்டரின் பச்சை நூல், விடுமுறைக்கு வந்த மகள் விட்டுச் சென்ற சாம்பல் நிறக் கம்பளி என ஏதேனும் ஒன்று அங்கே உறங்கிக்கொண்டிருக்கும். வீண் விரயத்தை வெறுக்கும் மார்க்கம் நம்முடையது. அந்த நூலைக் காலுறையாக்கும் வழியை இங்கே காண்போம்.

வியர்த்துக் கொட்டும் காரைக்காலில் காலுறை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1739-இல் பிரஞ்சுக்காரர் வசமான நம் ஊர், 1954 நவம்பர் 1-இல் இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இணைந்தது. பிரஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியோருக்கு அப்போது வாய்ப்பளிக்கப்பட்டது. அதன் பயனாக நம் உறவினர் பலர் இன்று பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். டிசம்பர் மாதத்துக் குளிரில் சுப்ஹுக்கு எழும் அவர்களுடைய பாதங்களுக்குத்தான் இந்தக் காலுறை.

இக்கலை நமக்கு அந்நியமானது என்று எண்ண வேண்டாம். இன்று கிடைத்துள்ள மிகப் பழைய ஊசிப் பின்னல்களுள் முதன்மையானவை, இஸ்லாமிய ஆட்சிக் கால எகிப்தைச் சேர்ந்த பருத்திக் காலுறைகளே. நீலமும் வெள்ளையுமாக அழகிய கோலங்கள் அவற்றில் அமைந்துள்ளன. ஸ்பெயினில் 1275-இல் இறந்த ஓர் இளவரசரின் கல்லறையில் கிடைத்த பட்டுப் பின்னல் தலையணை உறையின் ஓரத்தில், ‘பரக்கத்’ என்னும் சொல் கூஃபி எழுத்தில் திரும்பத் திரும்ப இடம்பெற்றுள்ளது. முஸ்லிம் கைவினைஞரின் வேலைப்பாடு அது என்பது ஆய்வாளர் கருத்து.

இனி வேலைக்கு வருவோம். முதலில் நூலை அறிந்துகொள்ளுங்கள். கடைகளில் ‘உல்லன்’ என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை அக்ரிலிக் என்னும் செயற்கை இழைகளே. சிறு துண்டைக் கிடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். மயிர் கருகும் வாடையுடன் எரிந்து, சாம்பல் விரலில் பொடியானால் அது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் அது செயற்கை இழை. இரண்டையும் ஒரே காலுறையில் கலக்காதீர்கள். வெந்நீரில் துவைத்தால் கம்பளி சுருங்கும், அக்ரிலிக் சுருங்காது, காலுறை கோணலாகிவிடும்.

அடுத்து, நூலை எடை போடுங்கள். பெரியவர் ஒருவரின் ஜோடிக்கு மெல்லிய நூல் ஏறக்குறைய 100 கிராம் தேவை. தொடங்குமுன்பே அதை இரு சம உருண்டைகளாகப் பிரித்துவிடுங்கள். ஒற்றைக் காலுறையோடு நூல் தீர்ந்துபோகும் ஏமாற்றம் நேராது. நிறம் போதாவிடில் விரல்முனையையும் குதிகாலையும் வேறு நிறத்தில் பின்னலாம்.

இருமுனையும் கூர்மையான இரண்டரை மில்லிமீட்டர் ஊசிகள் ஐந்து வேண்டும். நடுத்தரக் காலுக்கு 64 கண்ணிகள் ஏற்றி, நான்கு ஊசிகளில் பகிர்ந்து, வட்டமாகப் பின்னிச் செல்லுங்கள். கணுக்காலை எட்டியதும் பாதிக் கண்ணிகளில் மட்டும், அதாவது 32 கண்ணிகளில், முன்னும் பின்னுமாக 32 வரிசை பின்னினால் குதிகாலின் பின்பகுதி உருவாகும். பிறகு அதன் நடுவில் வரிசைகளைக் குறுக்கி, இவ்விரு கண்ணிகளை ஒன்றாக்கிக்கொண்டே வந்தால் பின்னல் கிண்ணம்போல் வளையும். ஓரங்களில் புதுக்கண்ணிகள் எடுத்து மீண்டும் வட்டத்தில் சேருங்கள். கூடுதலான கண்ணிகளைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மறுபடியும் 64-க்குக் கொண்டுவாருங்கள். பாதத்தின் நீளத்துக்கு இரண்டு அங்குலம் குறைவாக இருக்கும்போது விரல்முனைக்காகக் கண்ணிகளைக் குறைக்கத் தொடங்கலாம். குதிகாலே முதலில் தேய்வதால், அங்கு மட்டும் மெல்லிய நைலான் இழை ஒன்றைச் சேர்த்துப் பின்னுவது நலம்.

ஒரு முக்கியமான செய்தி. காலுறை அனுப்பும்போது மஸ்ஹு பற்றிய விளக்கத்தையும் எழுதி அனுப்புங்கள். ஒளுவுடன் அணிந்த தோலுறையின்மீது ஊரில் இருப்பவர் ஒரு நாளும், பயணி மூன்று நாளும் மஸ்ஹு செய்யலாம். ஆனால் நம் கடற்கரையில் பலரும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், காலுறை நீரை உள்ளே விடாததாகவும் நடப்பதற்கேற்ற உறுதி உள்ளதாகவும் இருக்க வேண்டும். கையால் பின்னிய சாதாரணக் கம்பளியில் நீர் எளிதில் புகும். எனவே அதைக் கழற்றிக் காலைக் கழுவுவதே பேணுதல். தடித்த காலுறை பற்றி மற்ற மத்ஹபுகளில் விரிவான சட்டங்கள் உள்ளன. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அன்பாக அனுப்பிய பொருளால் தொழுகைக்குக் குறை நேர்ந்துவிடக் கூடாதல்லவா?

மீதமுள்ள உருண்டைகளை நன்கு வெயிலில் காயவைத்து, உலர்ந்த வேப்பிலையுடன் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கடற்காற்றின் ஈரமும் பூச்சியும் கம்பளிக்குப் பகை.

குதிகால் வளைக்கத் தெரிந்த மாமியோ பெரியம்மாவோ உங்கள் தெருவில் இன்னும் இருப்பார்கள். அவர்களுடைய கண்பார்வை நன்றாக இருக்கும்போதே உங்கள் பெண்மக்களை அவர்கள் அருகில் அமர்த்துங்கள். புத்தகத்தில் பத்து முறை படித்தாலும் பிடிபடாத அந்த வளைவு, ஒருமுறை கைப்பிடித்துக் காட்டினால் பிடிபட்டுவிடும். இப்போது தொடங்கினால், அடுத்த குளிருக்குள் ஒரு ஜோடி கடல் கடந்து போய்ச் சேரும், இன்ஷா அல்லாஹ்.