பூசணிக்காய் புகட்டும் பாடம்

இளஞ்சிறார்க்குக் கல்வி கண்வழியும் கைவழியும் புகுதல் வேண்டும். இதற்கு ஒரு மஞ்சள் பூசணிக்காயே போதும்.

முதலில், “இது நீரில் மிதக்குமா, மூழ்குமா?” என்று வினவுக. கனமான காய் மூழ்கும் என்றே பலர் கூறுவர். பெரிய வாளி நீரில் இட்டால் அது மிதக்கும்! மாணவர் வியந்து காரணம் கேட்பர். அப்போது ஆசிரியர் காயை இரண்டாக வெட்டிக் காட்டுக. உள்ளே காற்று நிறைந்த குழிவு இருப்பதைக் கண்டு, அவர்களே விடையை உணர்வர்.

பின்னர் விதைகளைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணச் செய்யலாம். நன்கு முற்றிய விதைகள் சிலவற்றை ஈரமண்ணில் ஊன்றினால், ஏறத்தாழ 7 நாள்களில் முளைவிடும்.

விடையை நாம் முந்திச் சொன்னால் குழந்தை கேட்டு மறக்கும். தானே ஆராய்ந்து கண்டதை எளிதில் மறவாது.