மடியில் ஒரு சீல் குட்டி



வெண்ணிற மென்மயிர், பெரிய கருவிழிகள், தடவிக்கொடுத்தால் சிணுங்கும் குரல். மடியில் வைத்தால் ஏறக்குறைய ஒரு பச்சிளங்குழந்தையின் எடை. 'பாரோ' என்ற இந்த ரோபோ, பனிக்கடலில் வாழும் சீல் என்ற விலங்கின் குட்டியைப்போலச் செய்யப்பட்டது. ஜப்பானியப் பொறியாளர் தகானோரி ஷிபாத்தா 1993-ல் இதற்கான பணியைத் தொடங்கினார். 2005-ல் அங்கு விற்பனைக்கு வந்தது. ஏன் சீல்? நாயையும் பூனையையும் நாம் நன்கு அறிவோம். பொம்மை நாயைக் கண்டதும், 'நம் வீட்டு நாயைப்போல் இல்லையே' என்று மனம் ஒப்பிட்டுவிடும். சீல் குட்டியை வளர்த்துப் பழகியவர் யார்? எனவே குறை தெரிவதில்லை. மயிருக்கு அடியிலுள்ள உணரிகள் தொடுதலையும் ஒலியையும் ஒளியையும் அறிகின்றன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும். மறதிநோயால் துன்புறும் முதியோரின் கைகளில் இதைக் கொடுக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் நம்மில் பலர் முகம் சுளிப்போம். பெற்ற தாயைப் பொம்மையிடம் விடுவதா? நாம் மட்டும் அப்படி எண்ணவில்லை. 2012-ல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பில், ரோபோக்களைப் பற்றி 70 விழுக்காட்டினர் நல்ல எண்ணமே கொண்டிருந்தனர். ஆனால் குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகளின் பராமரிப்பில் அவற்றைத் தடைசெய்ய வேண்டும் என்று 60 விழுக்காட்டினர் கூறினர். தொழிற்சாலைக்கு வரலாம், அம்மாவின் அறைக்கு வரக்கூடாது! இந்த உணர்வை நாம் மதிக்கிறோம். ஆயினும், ஒரே கேள்வியை இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும் தந்தையின் அருகில் கண்விழித்திருக்கும் மகளைக் கேட்டால், அவர் வேறு பதில் சொல்லக்கூடும். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமை இல்லை.

பாரோவால் பயன் உண்டா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், 28 முதியோர் இல்லங்களில் மறதிநோயுள்ள 415 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரு குழுவினருக்குப் பாரோவைக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவினருக்கு அதே பாரோ, ஆனால் இயக்கம் நிறுத்தப்பட்டது. மூன்றாம் குழுவினருக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், வாரம் மூன்று முறை, 10 வாரங்கள். இயங்கும் பாரோவிடம் முதியோர் கூடுதலாகப் பேசினார்கள், அதைக் கூடுதலாகப் பார்த்தார்கள். மற்றபடி, இயங்கும் பாரோவுக்கும் இயங்காத பொம்மைக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை.

ஜேம்ஸ் ரைட் என்ற ஆய்வாளர் ஜப்பானிய முதியோர் இல்லம் ஒன்றில் தங்கிக் கண்டவற்றை 2023-ல் நூலாக வெளியிட்டார். அங்கும் பாரோ இருந்தது. ஒருவர் அதன் மேல்தோலை உரிக்கவே மீண்டும் மீண்டும் முயன்றார். மற்றொரு மூதாட்டியோ, அது அருகில் இல்லாமல் சாப்பிடவும் மறுத்தார், உறங்கவும் மறுத்தார். ஆகவே பணியாளர்கள் முதியோரோடு சேர்த்துப் பாரோவையும் கண்காணிக்க வேண்டியதாயிற்று. வேலையைக் குறைக்க வந்த கருவி வேலையைக் கூட்டியது. ஆள் பற்றாக்குறைக்கு இதுதான் மருந்து என்று நம்புவோர் இந்த அனுபவத்தைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

செயற்கை நுண்ணறிவு குறித்துத் திருப்பீடம் 2025 சனவரி 28 அன்று ஒரு குறிப்பை வெளியிட்டது. பிறர் துயரைத் தனதாக உணரும் ஆற்றல் இயந்திரத்துக்கு இல்லை என்றும், இயந்திரத்தை மனிதராகக் காட்டுவதை எப்போதும் தவிர்க்கவேண்டும் என்றும் அது கூறுகிறது. பாரோ மனிதராக நடிக்கவில்லை, விலங்காகத்தான் நடிக்கிறது. ஆனால் நினைவு மங்கிய ஒருவருக்கு அந்த நடிப்பு தெரியுமா? தந்தையின் அறிவாற்றல் குறைந்துபோகும் நாள்களையும் சீராக்கின் ஞானம் 3-ஆம் அதிகாரத்தில் நினைவில் வைத்திருக்கிறது. அப்போதும் அவரை இகழக்கூடாது என்கிறது. அவருக்கு இனி எதுவும் தெரியாது, எனவே எதைச் சொன்னாலும் போதும் என்று நாம் முடிவுகட்டுவதும் இகழ்ச்சிதானே?

பொம்மையைத் தடவிக்கொண்டிருக்கும் தாய் ஒருநாள் தலைநிமிர்ந்து, "இதுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்கக்கூடும். "இல்லம்மா, பொம்மைதான். உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று சொல்ல, அந்த நேரத்தில் பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.