ஜன்னல் விலகினால் படம் எங்கே?

ரயில் நிலையக் கரும்பலகையில் வண்டிகளின் நேரத்தைச் சாக்கட்டியால் எழுதி வைக்கிறோம். யாரோ ஒரு பயணி தோளால் உரசி ஒரு வரியை அழித்துவிடுகிறார். என்ன செய்வோம்? பதிவேட்டைப் பார்த்து, அழிந்த வரியை மட்டும் மறுபடி எழுதுவோம். கம்ப்யூட்டர் திரையில் ஜன்னல்கள் வந்தபோதும் இதே கதைதான்.

அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 1984 ஜனவரி 24-ந் தேதி மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் நினைவகம் 128 கிலோபைட். திரையில் குறுக்கே 512 புள்ளிகள், நெடுக்கே 342 புள்ளிகள். நிறம் கறுப்பு, வெள்ளை மட்டுமே. அப்படியும் திரைக்கு மட்டும் 21,888 பைட் போய்விடும். மொத்த நினைவகத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு!

மறைந்தது மறைந்ததுதான்

ஆகவே ஒவ்வொரு ஜன்னலின் படத்துக்கும் நகல் எடுத்து வைக்க இடம் இல்லை. ஒன்றின் மேல் மற்றொன்று வந்தால் அடியில் இருந்த படம் அழிந்தது அழிந்ததுதான். மேல் ஜன்னல் விலகியதும், "இந்த இடத்தை வரைந்து கொடு" என்று புரோகிராமுக்குத் தகவல் வரும். அது தன் கணக்கைப் பார்த்துத் திரும்ப வரைய வேண்டும்.

வரையத் தொடங்கும்போது 'பிகின்அப்டேட்', முடிந்ததும் 'எண்ட்அப்டேட்' என்று இரண்டு கட்டளைகள். முதல் கட்டளையைக் கொடுத்தபின் முழுப் படத்தையும் வரைந்தாலும், வெளிப்பட்ட இடத்தில் மட்டுமே கோடு விழும். அதை மறந்துவிட்டால் அதே தகவல் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்!

ஒருவர் மூளையில்

இந்த வித்தையைச் செய்த 'குவிக்டிரா' பில் அட்கின்சன் எழுதியது. ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில், அடியில் கிடக்கும் ஜன்னலிலும் தெரியும் பகுதியில் மட்டும் வரைவதைப் பார்த்ததாக அவர் நினைத்தார். அங்கே அப்படி எதுவும் இல்லை. முடியும் என்று நம்பியதால் செய்து முடித்தார்.

எந்த வடிவத்தையும் புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல், எந்த வரியில் எங்கே உள்ளே-வெளியே மாறுகிறது என்று மட்டும் குறித்து வைப்பதே அவர் முறை. இதற்கிடையே ஒரு கார் விபத்தில் அவர் படுகாயம் அடைந்தார். மருத்துவமனைக்கு ஓடி வந்த ஸ்டீவ் ஜாப்ஸிடம், அந்த முறை இன்னும் நினைவில் இருப்பதாக அவர் சொன்னாராம்!

2010-ல் அந்தப் புரோகிராம் அமெரிக்காவின் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. அட்கின்சன் 2025-ல் காலமானார்.

பலகை அழியலாம், பதிவேடு சரியாக இருந்தால் போதும். குமாஸ்தாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் இதுவே பாடம்.