மாலகைட்: செம்பு தந்த பச்சை

செம்புத் தாது, கரியமில வாயு கலந்த நீரோடு நெடுங்காலம் வினைபுரிந்து உருவாகும் பச்சைக் கனிமம் மாலகைட். அறுத்து மெருகேற்றினால் இளம்பச்சையும் கரும்பச்சையும் வளையம் வளையமாகத் தெரியும். அடுக்கடுக்காகப் படிந்ததன் தடம் அது.

ரஷ்யாவின் உரால் மலைக் கல்லுக்குப் பெரும்புகழ். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையில், 1837 தீவிபத்துக்குப் பின் அமைந்த மாலகைட் கூடத்தின் தூண்கள் முழுக்கல் போலவே தோன்றும். உண்மையில், சில மில்லிமீட்டர் கனமுள்ள சீவல்களைக் கோடுகள் பொருந்த ஒட்டிய வேலை. ஒட்டு தெரியாததுதான் அதன் அருமை. இன்று சந்தைக்கு வருவது பெரும்பாலும் காங்கோ கல்.

மோஸ் அளவில் இதன் கடினம் 3.5 முதல் 4 வரைதான். தூசியிலுள்ள மணல்துகளே கீறிவிடும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் மெருகு போகும். அம்மோனியாவும் சூடும் ஆகாது. மெல்லிய ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்தினால் போதும். அறுக்கும்போது எழும் தூசியில் செம்பு உண்டு; அதைச் சுவாசிப்பது கேடு.

பண்டைய எகிப்தியர் இதைப் பொடித்துக் கண்ணுக்கு மையாகத் தீட்டினர். ஐரோப்பாவிலோ, கண்ணேறு படாதிருக்கக் குழந்தைகளுக்கு இதைத் தாயத்தாக அணிவித்தனர்.