எலிபெண்டாவுக்கு ஒரு ஞாயிறு: படகு புறப்படும் முன்பே லைப் ஜாக்கெட்!

மும்பையில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஓய்வு என்றால் அது ஞாயிற்றுக்கிழமைதான். வாரம் முழுவதும் மின்சார ரெயிலில் தொங்கிக்கொண்டு போய் வருகிறவர்களுக்கு அந்த ஒரு நாளும் துணி துவைக்கவும், சாமான் வாங்கவும், ஊருக்குப் போன் பேசவுமே சரியாகிவிடுகிறது. வருஷத்தில் ஒரு தடவையாவது பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகவேண்டும் என்ற பேச்சு வரும்போது, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முதலில் அடிபடுகிற பெயர் எலிபெண்டா.

அதற்குக் காரணம் உண்டு. காலையில் போய் மாலையில் வீடு திரும்பிவிடலாம். கையில் கட்டுச்சாதம் இருந்தால் செலவும் அதிகம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மோட்டார் படகில் ஏறிக் கடலில் போகலாம். பிள்ளைகளுக்குக் குகையைவிடப் படகுதான் பெரிது!

கேட்வேயில் கூட்டம்

படகுகள் புறப்படும் இடம் கேட்வே ஆப் இந்தியா. 1924-ம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட இந்தக் கல் வளைவுக்கு நூறு வயது ஆகிவிட்டது. அதன் பின்புறத்துப் படித்துறையில் மோட்டார் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். சில சமயம் ஒரு படகில் ஏறி, அதைக் கடந்து அடுத்த படகுக்குத் தாவவேண்டியிருக்கும். வயதான அம்மாக்களைப் படகுக்காரர்கள் கைகொடுத்து ஏற்றிவிடுவார்கள். தீவு வரை போக நேரம் இல்லாதவர்கள், துறைமுகத்துக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டும் படகில் ஏறிக்கொள்ளலாம்.

படகு நகர்ந்ததும் தாஜ்மகால் ஓட்டல் மெல்லச் சிறிதாகிக்கொண்டே போகும். ஒரு பக்கம் போர்க்கப்பல்கள். இன்னொரு பக்கம் எண்ணெய்க் கப்பல்கள். தூரத்தில் நவசேவா துறைமுகத்தின் ராட்சத கிரேன்கள். குளிர்காலமானால் கடற்பறவைகள் கூட்டமாகப் படகைத் தொடர்ந்து வரும். தீவை நெருங்கும்போது, 2024-ம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது பாலம் கடலின் மேல் கோடு போட்டது போலத் தெரியும். சுமார் 10 கிலோமீட்டர் தூரம். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்.

மூன்று முகம்

தீவின் சொந்தப் பெயர் காராபுரி. இங்கே இருந்த பெரிய கல் யானையைப் பார்த்துப் போர்ச்சுக்கீசியர் வைத்த பெயர்தான் எலிபெண்டா. அந்த யானை இப்போது தீவில் இல்லை. பைகுல்லா ராணி பாக்குக்குப் போனவர்கள் அதை அங்கே பார்த்திருப்பார்கள்.

படித்துறையிலிருந்து மலையடிவாரம் வரை சின்ன ரெயில் ஓடுகிறது. பிறகு படியேறவேண்டும். படியின் இருபுறமும் கடைகள். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்குகள் பறித்துக்கொண்டு போய்விடும். பைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. குகையைப் பார்க்கக் கட்டணம் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை.

மலையைக் குடைந்து எடுத்த பெரிய குகைக்குள் சுமார் 20 அடி உயரத்தில் மூன்று முகங்களோடு சிவபெருமான் காட்சி தருகிறார். அர்த்தநாரி, கங்கையைத் தாங்கும் கோலம், ஆடும் கோலம் எல்லாம் சுவர்களிலே இருக்கின்றன. சிதம்பரத்தையும் மதுரையையும் ஊரிலே விட்டுவிட்டு வந்தவர்கள் இந்தக் குகையில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிடுகிறார்கள். 1987-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக இது அறிவிக்கப்பட்டது.

டிசம்பர் 18

இவ்வளவு இன்பமான பயணத்தில் ஒரு நாள் மரணம் குறுக்கிட்டது.

2024-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி மாலை. கேட்வேயிலிருந்து எலிபெண்டாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'நீல்கமல்' என்ற படகில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். என்ஜின் சோதனையில் ஈடுபட்டிருந்த கடற்படையின் வேகப்படகு ஒன்று தறிகெட்டு வந்து அதன்மீது மோதியது. படகு கவிழ்ந்தது. 15 உயிர்கள் பலியாயின.

பக்கத்தில் இருந்த படகுகளும், ரோந்துப் படகில் இருந்த மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினரும் விரைந்து வந்ததால் பலர் பிழைத்தார்கள். பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று சில பெற்றோர் குழந்தைகளைக் கடலில் போடத் துணிந்ததாகவும், தாங்கள் தடுத்து அந்தக் குழந்தைகளை வாங்கிக்கொண்டதாகவும் மீட்கப் போன வீரர் ஒருவர் சொன்னார். பெற்ற மனம் அந்த நிமிடத்தில் என்ன பாடுபட்டிருக்கும்!

அன்று பயணிகள் பலர் லைப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. விபத்துக்குப் பிறகுதான், ஒவ்வொரு பயணியும் ஜாக்கெட் போட்டே ஆகவேண்டும் என்று அதிகாரிகள் கண்டிப்பாக உத்தரவிட்டார்கள்.

சாக்குப்போக்குகள்

உத்தரவு இருந்தாலும் மனிதர்கள் மாறவேண்டுமே! "வேர்க்கிறது" என்பார் ஒருவர். "புடவை கசங்கும்" என்பார் இன்னொருவர். போட்டோவில் புதுச்சட்டை தெரியாது என்று பையன் கழற்றிவிடுவான். வேறு சிலர் அதை மடியில் வைத்துக்கொள்வார்கள், ஆபத்து வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று.

ஆபத்து சொல்லிக்கொண்டு வருவதில்லை. படகு சாய ஆரம்பித்தால் ஆள்மேல் ஆள் விழுவார்கள். கட்டிவைத்த ஜாக்கெட்டைத் தேடி எடுத்து, வார்களை மாட்டி, குழந்தைக்கும் போட்டுவிட நேரம் ஏது? உடம்பில் இருக்கிற ஜாக்கெட்தான் தலையைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தும். அதுவும் வார்களை இறுக்கிப் பூட்டியிருந்தால்தான். தொளதொளவென்று போட்டால் ஜாக்கெட் மேலே போகும், ஆள் கீழே நழுவுவார். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினாலும் இதே கதிதான். குழந்தைக்கு அதன் அளவிலே வேண்டும்.

நீந்தத் தெரியும் என்ற தைரியமும் போதாது. தாமிரபரணியில் நீந்தியவருக்கும் துறைமுகத்து நீரோட்டம் புதிது.

ஒரே பக்கம் சாயாதீர்

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் பலர். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் படகு சாய்ந்தது என்று அப்போது சொல்லப்பட்டது. 2023-ம் ஆண்டு மே 7-ந் தேதி கேரளத்துத் தானூரில் 22 பேர் இறந்தார்கள். அங்கே இருட்டிய பிறகு, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு படகு ஓடியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

மேல்தளத்தில் கூட்டம் கூடினால் படகின் கனம் மேலே ஏறுகிறது. எல்லோரும் ஒரு பக்கம் ஓடினால் அந்தக் கனமே படகைக் கவிழ்க்கிறது. ஆகவே உட்கார்ந்த இடத்திலேயே இருந்து பார்ப்பதுதான் நல்லது. எத்தனை பேரை ஏற்றலாம் என்பதற்கு ஒவ்வொரு படகுக்கும் கணக்கு உண்டு. கூட்டம் அதிகமாகத் தெரிந்தால் ஏறாமல் அடுத்த படகுக்குக் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. மாலையில் கடைசிப் படகுகளுக்குத்தான் நெரிசல் அதிகம். கொஞ்சம் முன்னதாகத் திரும்பினால் அதையும் தவிர்க்கலாம்.

கேட்க வெட்கம் ஏன்?

ஜாக்கெட் தராவிட்டால் கேட்டு வாங்கவேண்டும். பாஷை தெரியாது என்று பலர் வாயைத் திறப்பதில்லை. "பச்சே கா ஜாக்கெட் தீஜியே" என்றால் குழந்தைக்கான ஜாக்கெட்டைக் கொடுங்கள் என்று அர்த்தம். இந்த நாலு வார்த்தை போதும். டிக்கெட் வாங்கியவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. அப்படியும் இல்லை என்றால் அந்தப் படகில் ஏறாமல் இருக்கவும் உரிமை உண்டு.

வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தில் குடும்பத்தோடு போகிற பயணம் இது. பிள்ளைகள் கடலைப் பார்க்கட்டும், பறவைகளைப் பார்க்கட்டும், மூன்று முகச் சிவனையும் கும்பிடட்டும். ஆனால் படகின் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் அப்பா முதலில் தன் ஜாக்கெட்டைப் பூட்டிக்கொள்ளவேண்டும். அப்பா போட்டால் அம்மா போடுவார். அம்மா போட்டால் பிள்ளைகளும் மறுக்காமல் போட்டுக்கொள்வார்கள்.